ஏற்றத்துக்கு டீசல் சரி, இறக்கத்துக்கு?

நீலகிரி விவசாயியின் லோடு கீழே இறங்குகிற லோடு. கேத்தி, கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் எடுத்த கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. தேயிலைத்தூளும் அப்படியே. அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் மேலே ஏறி வருகின்றன, உண்மைதான். ஆனால் தோட்டக்காரர் ஒருவர் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கினால், அது பெரும்பாலும் காலியாக ஏறி, நிறைந்து இறங்கப் போகிற வண்டி. அப்படியிருந்தும் வண்டி பார்க்கப் போகும்போது எல்லோரும் கேட்பது, "லோடோட நல்லா ஏறுமா?" என்றுதான். இறக்கத்தில் எப்படி நிற்கும் என்று கேட்பவர்களை அதிகம் பார்க்க முடிவதில்லை. டீசலா பெட்ரோலா என்ற பேச்சிலும் இதேதான் நடக்கிறது. ஏறுவதற்கு எது நல்லது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இறக்கத்தில் எஞ்சின் என்ன செய்கிறது, டீசலும் பெட்ரோலும் அதில் எங்கே வேறுபடுகின்றன என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

இறங்குகிற எடை எங்கே போகிறது?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நடுவில் ஏறக்குறைய 1,900 மீட்டர். லோடோடு சேர்த்து 10 டன் இருக்கும் ஒரு லாரி இந்த உயரத்தை இறங்கி முடிப்பதற்குள், சுமார் 52 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். விடாவிட்டால் அது முழுக்க வேகமாக மாறும். காற்றின் தடையும் டயரின் உருளல் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு இரண்டே வழிகள்தான்: பிரேக் அல்லது எஞ்சின். இரண்டிலும் அது கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. எஞ்சினுக்கு ரேடியேட்டரும் புகைபோக்கியும் இருக்கின்றன, மணிக்கணக்கில் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக் டிரம்முக்கு, அதாவது சக்கரத்தோடு சுற்றி பிரேக்கின் உராய்வைத் தாங்கும் இரும்பு உருளைக்கு, இருப்பது சுற்றிலும் உள்ள காற்று மட்டுமே.

மொத்த வெப்பத்தைவிட அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது முக்கியம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 33 கி.மீ. பாதையில் 1,500 மீட்டர் இறக்கம். சராசரியாக நூறு மீட்டர் ஓடினால் நாலரை மீட்டர் இறங்குகிறோம். அதே 10 டன் லாரி மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சீராக இறங்கினால், டயரும் காற்றும் எடுத்தது போக நொடிக்கு நொடி சுமார் 25 கிலோவாட் வெப்பத்தை யாராவது சுமந்தாக வேண்டும். வேகம் 50 ஆனால் அது இரண்டு மடங்கு. "கொஞ்சம் வேகமா இறங்கினா சீக்கிரம் முடிஞ்சிரும், பிரேக்குக்கு வேலை கம்மி" என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். டிரம் ஆறுவதற்குக் கிடைக்கிற நேரம் பாதியாகிறது, வந்து சேரும் வெப்பமோ ஏறக்குறைய அதேதான்.

முதலில் ஏற்றம்

இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்ததுதான், ஆகவே சுருக்கமாக. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் கலந்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அழுத்தி, ஸ்பார்க் பிளக்கால் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டும் பதினைந்திலிருந்து இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நெருக்கலிலேயே காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிவிடும். அதற்குள் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுதான், இன்றைக்கும் மாறவில்லை.

அதிக அழுத்தம், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ, கனத்த உட்பாகங்கள் இவையெல்லாம் சேர்ந்து டீசலுக்குக் குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க்கைக் கொடுக்கின்றன. சுற்றுகிற விசைதான் டார்க், ஓட்டுநர்கள் இழுவை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஓர் உதாரணம்: ஹூண்டாய் கிரெட்டாவில் 1.5 லிட்டர் பெட்ரோலும் உண்டு, 1.5 லிட்டர் டீசலும் உண்டு. இரண்டும் சுமார் 115 குதிரைத்திறன்தான். ஆனால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 144 நியூட்டன் மீட்டர் டார்க்கை நிமிடத்துக்கு 4,500 சுற்றில் தருகிறது. டீசல் 250 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலேயே தந்துவிடுகிறது. குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்துக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் போகிற பஸ் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது, பின்னால் லோடோடு நிற்பவருக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். பெட்ரோல் வண்டியும் ஏறும். ஆனால் கிளட்சை அதிகம் தேய்த்து, கியரை இறக்கி, சுற்றைக் கூட்டி ஏற வேண்டியிருக்கும்.

மலையில் இன்னொன்றும் சேர்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், அது எந்த எரிபொருளில் ஓடினாலும், அந்த அளவுக்குத் திறனை இழக்கும். டர்போ இருந்தால் அது காற்றைத் திணித்து இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆகவே இன்றைக்கு டீசலா பெட்ரோலா என்பதைவிட, டர்போ உண்டா இல்லையா என்பதுதான் ஏற்றத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. டர்போ பெட்ரோல் வண்டிகள் மலையில் நன்றாகவே ஏறுகின்றன. என்ன, முழு லோடில் எண்ணெய் அதிகம் குடிக்கும்.

அழுத்தம் பிரேக் ஆகாது

பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையை இனித் தொட வேண்டும். "டீசலுக்குக் கம்ப்ரஷன் அதிகம், அதனால எஞ்சின் பிரேக்கும் அதிகம்" என்று அனுபவமுள்ளவர்களே சொல்வார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் படும், ஆனால் பாதிதான் உண்மை.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது எதிர்ப்பு பலமாக இருக்கும். கையை விட்டால் கைப்பிடி தானே மேலே எழும்பி வரும். நீங்கள் போட்ட உழைப்பில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது டீசல் எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். பிஸ்டன் மேலே போகும்போது காற்றை நெருக்குகிறது, வண்டியின் ஓட்டத்தை அது தடுக்கிறது. கீழே வரும்போது நெருக்கப்பட்ட அதே காற்று பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. எவ்வளவு அதிகமாக அழுத்தினாலும் அது திரும்பி வந்துவிட்டால் அதற்குப் பிரேக் என்று பெயரில்லை. திரும்பி வராமல் வீணாகிற ஆற்றல் மட்டும்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

பெட்ரோல் எஞ்சினில் வேறொன்று நடக்கிறது. உள்ளே போகிற காற்றின் அளவைக் கட்டுப்படுத்த அதன் வாயிலில் ஒரு தகடு இருக்கிறது, திராட்டில் என்பார்கள். ஆக்சிலேட்டரை விட்டால் தகடு மூடிக்கொள்ளும். பிஸ்டனோ கீழே இறங்கி இறங்கிக் காற்றை உறிஞ்சப் பார்க்கிறது. வழி அடைபட்டிருப்பதால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அந்த வெற்றிடத்துக்கு எதிராகப் பிஸ்டனை இழுக்கச் செலவாகும் ஆற்றல் திரும்பி வராது. அதுதான் பெட்ரோல் வண்டியின் எஞ்சின் பிரேக்கில் ஒரு பங்கு. டீசலில் அப்படியொரு தகடு அடிப்படையில் தேவையில்லை. அங்கே டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள், காற்று தாராளமாகப் போய்வரும்.

(இதனால்தான் பெட்ரோல் காரில், பெடலை மிதிக்கும் விசைக்கு வலு சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தை எஞ்சினிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிகிறது. டீசல் வண்டியில் அதற்கென்று தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள். அதைச் சுழற்றுவதும் எஞ்சின்தான். இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.)

வித்தியாசத்தைப் பெரிதுபடுத்திவிடவும் கூடாது. இரண்டு எஞ்சினிலும் உராய்வு உண்டு, எஞ்சின் பிரேக்கில் பெரும்பங்கு உராய்வினுடையதுதான். டீசலில் பாகங்கள் கனமாக இருப்பதால் உராய்வு சற்றுக் கூடுதல். ஆகவே ஒரு டீசல் காரையும் ஒரு பெட்ரோல் காரையும் இரண்டாம் கியரில் இறக்கினால் இரண்டுமே ஒழுங்காக நிற்கும். சிக்கல் லாரியில்தான் வருகிறது. 1.2 டன் காருக்கு 1.2 லிட்டர் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு ஒரு டன். 16 டன் லாரிக்கு நாலைந்து லிட்டர் எஞ்சின் என்றால் லிட்டருக்கு மூன்று நான்கு டன். கார் எஞ்சின் 5,000 சுற்று வரை தாங்கும், லாரி எஞ்சின் 2,500-ஐ ஒட்டி முடிந்துவிடும். ஒவ்வொரு டன்னுக்கும் லாரியில் கிடைக்கிற எஞ்சின் பிரேக், காரில் கிடைப்பதில் சிறு பங்குதான். காரை இறக்கிய அனுபவத்தை நம்பி லோடு லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

அடைத்தும் திறந்தும் பிடிக்கிற பிரேக்

டீசலில் இல்லாத தடையை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். புகைபோக்கிக் குழாயில் ஒரு மூடி இருக்கும். சுவிட்சைப் போட்டால் அது ஏறக்குறைய முழுக்க மூடிக்கொள்ளும், டீசல் பாய்வதும் நின்றுவிடும். வெளியேற வழியில்லாத காற்றுக்கு எதிராகப் பிஸ்டன்கள் தள்ள வேண்டியிருக்கும். பெட்ரோல் எஞ்சினில் உள்வாயில் அடைபடுகிறது, இங்கே வெளிவாயில். நம் சாலைகளில் ஓடுகிற கனரக லாரிகள், பஸ்கள் பலவற்றில் இது இருக்கிறது. பழைய லாரி வாங்குபவர்கள் டயரையும் பெயின்டையும் பார்க்கிற கவனத்தோடு, இந்த மூடி வேலை செய்கிறதா, துருவேறி இறுகிப்போயிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இது கெட்டுப்போனாலும் வண்டி ஓடும், அதனால் யாரும் சரி செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். மலை வண்டிக்கு அது சரிவராது.

இன்னொரு முறை, பிஸ்டன் காற்றை முழுக்க நெருக்கி மேலே வந்த அந்த நொடியில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடுவது. நெருக்கிய காற்று வெளியே பாய்ந்துவிடும், பிஸ்டனைத் திரும்பத் தள்ள உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. டீசலின் அதிக அழுத்தம் உண்மையிலேயே பிரேக் ஆவது இங்கேதான். இதை யோசித்தவர் அமெரிக்காவின் கிளெஸ்ஸி கம்மின்ஸ், கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனியைத் தொடங்கியவர். 1931-இல் ஒரு டீசல் டிரக்கை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓட்டிப் போனபோது, கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் டிரக் பிடிக்குள் நிற்காமல் ஓடியது. கீழே ரயில் பாதையில் ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார். டீசல் எஞ்சின் இழுப்பதற்குக் காட்டும் திறமையை நிறுத்துவதற்குக் காட்டவில்லை என்ற எண்ணம் அவரைப் பல ஆண்டுகள் விடவில்லை. கடைசியில் அவர் வடிவமைத்த பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டீசலை இவ்வளவு அறிந்த ஒருவரே இறக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார் என்பது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும்.

சிறிய பிக்கப்களில் இந்த இரண்டுமே பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே இருப்பது கியர் மட்டும்தான்.

எந்த கியரில் இறங்குவது?

"எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல விதிதான், ஆனால் அது பலம் குறைந்த எஞ்சின்களின் காலத்தில் பிறந்தது. 2005-இல் வந்த முதல் டாட்டா ஏஸ் வண்டியில் இருந்தது 702 சிசி டீசல், 16 குதிரைத்திறன். அது ஒன்று, இரண்டாம் கியரில்தான் மலை ஏறும். அதே கியரில் இறங்கினால் பத்திரமாக இருக்கும். இன்றைய டர்போ டீசல் பிக்கப் அதே ஏற்றத்தை மூன்றாம் கியரில் சிரமமின்றி ஏறிவிடுகிறது. அதை நம்பி மூன்றாம் கியரில் இறங்கினால் எஞ்சின் பிடிப்பு போதவே போதாது. இழுக்கும் பலம் டர்போவால் கூடியது, பிடிக்கும் பலம் எஞ்சின் அளவோடு நின்றுவிட்டது. ஆகவே இன்றைய வண்டிகளுக்கு, ஏறிய கியருக்கு ஒரு கியர் கீழே என்று வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

கியரை இறக்கத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு கிளட்சை மிதித்தால் அந்த நொடியில் எஞ்சின் பிடிப்பு முழுக்கப் போய்விடும். லோடு லாரியில் வேகம் கூடிவிட்டால் கீழ் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளவும் கூடும். சரியான கியர் என்பது, காலை எடுத்த பிறகும் வண்டி மெல்லத்தான் வேகம் கூடுகிற கியர். சுற்று காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். அழுத்தி, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்தி. லேசாக மிதித்தபடியே வருவதில் டிரம் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க எண்ணெய் செலவாகும். மிச்சம் பிடிக்கப் போய் செலவையும் கூட்டி, எஞ்சின் சுமக்க வேண்டிய பங்கையும் பிரேக் தலையில் கட்டுகிறார்கள்.

டீசல் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டுவிடாமல் மேனுவல் முறைக்கு மாற்றிக் கீழ் கியரில் வைக்க வேண்டும். ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்ற பட்டன் பிரேக்கைத்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது. கரடுமுரடான சின்னச் சரிவுக்கு அது உதவும், குன்னூருக்குக் கீழே உள்ள பர்லியாறு வரை அதை நம்பி இறங்கக் கூடாது.

பின்னால் ஒன்றை இழுத்துக்கொண்டு

டிரெய்லர் மாட்டினால் கணக்கே மாறிவிடும். ஏற்றத்தில் அது வெறும் கூடுதல் எடை. இறக்கத்தில் அதற்கென்று தனிப் பிரேக் இல்லையென்றால், அதன் முழு எடையும் இழுக்கிற வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். நேர்ப்பாதையில் தாங்கிக்கொள்ளலாம். வளைவில் அந்தத் தள்ளல் பக்கவாட்டில் வரும், டிராக்டரின் பின்பக்கத்தை வெளியே தள்ளி இரண்டையும் மடக்கிவிடும். இழுக்கிற எஞ்சின் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

நம் மலை ரயிலைக் கட்டியவர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்தப் பாதையில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் எப்போதும் ரயிலின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அதோடு விட்டுவிடவில்லை, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் உட்கார்ந்திருப்பார், அவரவர் பெட்டிக்கு அவரவர் பிரேக். மலையில் டிரெய்லர் இழுக்க நினைப்பவருக்கு வேண்டியதும் அதுதான். பிரேக் இல்லாத டிரெய்லரில் லோடு ஏற்றி மலைப்பாதையில் இறக்கவே கூடாது.

அப்படியானால் எதை வாங்குவது?

தினமும் முழு லோடு, ஒரு டன்னுக்கு மேல், ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே என்றால் டர்போ டீசல்தான். குறைந்த சுற்றில் இழுக்கும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஊருக்குள்ளேயே தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் பச்சைத் தேயிலை ஏற்றி இறக்குகிற சின்ன ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டியே போதும். விலையும் குறைவு, குளிர்காலக் காலையில் கிளம்புவதும் சுலபம். இன்றைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்க வைத்திருக்கும் வடிகட்டி, குட்டி குட்டி ஓட்டத்தில் அடைத்துக்கொண்டு தொல்லை தரவும் கூடும். எதை வாங்கினாலும் ஷோரூமிலிருந்து காலி வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லோடு ஏற்றிய அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரோடு ஒரு நாள் கீழே இறங்கிப் பாருங்கள், எத்தனை முறை அவர் கால் பிரேக்குக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

பிரேக் ஆயிலை மறந்துவிடாதீர்கள். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4-இல் இந்த எண்கள் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும், பெடல் வெறுமனே அடிவரை போய்விடும். மூடுபனியும் மழையும் ஓயாத ஊரில் ஓடுகிற வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது அதிகமில்லை. வண்டிக்கு எந்த வகை என்று கையேட்டில் போட்டிருக்கும்.

இறங்கும்போது கருகல் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழம் போனாலோ, அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டையோ கல்லோ வையுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். டிரம் ஆறும்போது சுருங்கி, லைனிங்கின் பிடிப்பு மாறும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, இரும்பு வெடித்துவிடும். அரை மணி நேரமாவது காற்றாட நிற்கட்டும். பிறகு பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்து, முன்பு வந்ததைவிட ஒரு கியர் குறைத்துக் கிளம்புங்கள். கெட்டியாக இல்லையென்றால் கிளம்பாதீர்கள், மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள்.